கரடியண்ணன், வால்யூம் மூன்று

கொல்லிமலையில், நாலைந்து ஊர் சேர்ந்த தேவனூர் நாட்டில் செங்கோடன் டீ கேட்டால், கடைக்காரர் ஒரு கணம் ரோட்டை எட்டிப் பார்ப்பார், லாரி ஏதும் ஏறி வருகிறதோ என்று. அப்படி ஒரு குரல். அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சுக்கூட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பி, மீசைக்கு அடியில் வந்து பிரேக் போட்டு நிற்கும். "ஒரு டீ, சக்கரை கம்மி" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வடையைத் தின்று, கையைக் கழுவி, காசும் கொடுத்துவிடலாம். ஒரு தடவை வார்டு மெம்பருக்கு நின்றார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று மைக்கில் ஆரம்பித்தார். தாய்மார்கள் வருவதற்குள் பெரியோர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

இது பிறவிக் குரல் அல்ல. இருபத்திரண்டு வயது வரை அவருக்குச் சாதாரணக் குரல்தான் இருந்தது. கொஞ்சம் கீச்சென்றுகூட இருக்கும் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு கேசட்டைக் கேட்டார். குரல் கீழே இறங்கியது. மலையிலிருந்து இறங்கிய எதுவும் திரும்ப ஏறி வரும், பஸ் உட்பட. அந்தக் குரல் மட்டும் முப்பத்து மூன்று வருடமாக ஏறவே இல்லை.

ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, இரண்டு பலா, ஒரு மனைவி, ஒரு மகள். செங்கோடனின் சொத்து விவரம் இவ்வளவுதான். ஆனால் அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் இதில் ஒன்றையும் சொல்ல மாட்டார்கள். "ஆட்டக்காரருங்க" என்பார்கள்.

அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் ஜெய்லானி பாய் ஒரு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். வெற்று கேசட்டைக் கொடுத்து, வேண்டிய பாட்டைச் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த வாரம் பதிந்து கொடுப்பார். அவர் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் சினிமாப் பாட்டுக்கெல்லாம் மேல் தட்டில், முதுகு மட்டும் தெரிய அடுக்கிய ஒரு தனி வரிசை உண்டு: வெளிநாட்டு டான்ஸ் ஆல்பங்கள். தொண்ணூற்று இரண்டில் அது ஒரு காய்ச்சலாக இருந்தது. தகரத்தில் உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி ஒரு தாளம், அதற்கு மேலே மின்னல் வெட்டுகிற மாதிரி ஒரு கீபோர்டு, நடுவில் யாரோ ஒருவர் ஒரே வரியை அறுபது தடவை சொல்வார். பாஷை புரியாது. புரிந்தால் ஆட முடியாது என்றும் ஒரு கருத்து இருந்தது.

அதில் 'நான்ஸ்டாப் டான்ஸ் மின்னல், வால்யூம் 3' என்று ஒன்று. முதல் இரண்டு வால்யூமை மலையில் யாரும் பார்த்ததில்லை. அதெல்லாம் என்ன ஆயிற்று என்று செங்கோடன் கேட்டதற்கு, "அதைக் கேட்டவங்க ஆட ஆரம்பிச்சாங்க, இன்னும் நிறுத்தலைன்னு கேள்வி" என்றாராம் ஜெய்லானி. செங்கோடன் அங்கேயே கேசட்டைக் கொடுத்துவிட்டார். மறு வாரம் வாங்கப் போனபோது மலைக்கு ஏறும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடையில் போட்டுக் கேட்க நேரமில்லை. 'டான்ஸ் 3' என்று நீல மையில் எழுதிய கேசட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். அந்த ஒரு ஹாரன் சத்தம் அவர் வாழ்க்கையின் திசையைத் திருப்பிவிட்டது என்று சொன்னால் மிகை இல்லை. மூன்று நிமிடம் நின்று கேட்டிருந்தால் இன்று அவர் வார்டு மெம்பர்.

அப்போது அவர் ஊருக்குக் கரண்டு கம்பம் வந்திருந்தது, கம்பி வரவில்லை. டேப் ரெக்கார்டர் பேட்டரிக் கட்டையில் ஓடியது. நாலு கட்டை. சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு மலையில் ஒரு வைத்தியம் இருந்தது: வெயிலில் காய வைப்பது. மாசி மாதத்தில் வாசலில் பாய் விரித்து மிளகு காயும். அதன் ஓரத்தில் நாலு பேட்டரியும் காயும். மிளகைப் புரட்டிவிடும்போது பேட்டரியையும் ஒரு புரட்டு புரட்டிவிடுவார்கள். ஆனால் கொல்லிமலை வெயில் தாசில்தார் மாதிரி, வரும், உட்காரும் என்று நினைப்பதற்குள் எழுந்துவிடும். ஒன்பது மணி வரை பனிமூட்டம், மூன்று மணிக்கு மறுபடியும் மூட்டம். மிளகே அரை மனதோடுதான் காயும். பேட்டரி கால் மனதோடு காய்ந்தது.

ஆக, அந்தக் கேசட் முதல் தடவை ஓடியபோதே மெதுவாக ஓடியது. தாளம் 'தும்' என்று விழுந்து, கொஞ்சம் யோசித்து, 'தும்' என்று இன்னொன்று விழுந்தது. கீபோர்டு மின்னலாக வெட்டவில்லை, மாடு அசை போடுகிற மாதிரி வந்தது. அதற்கு மேல் ஒரு குரல் எழும்பியது பாருங்கள். குகைக்குள்ளிருந்து ஒரு கரடி கொட்டாவி விட்டுக்கொண்டே பாடுகிற மாதிரி, கனமாக, சாவகாசமாக. சுற்றி நின்ற பன்னிரண்டு இளவட்டமும் வாயைப் பிளந்தது. அந்தப் பாடகருக்கு அங்கேயே பேர் வைத்துவிட்டார்கள்: கரடியண்ணன்.

ஒரே ஒரு முறை செங்கோடன் செம்மேட்டுச் சந்தையில் புதுப் பேட்டரி வாங்கி வந்து போட்டார். பாட்டு தலைதெறிக்க ஓடியது. யாரோ கீச்சுக் குரலில் கத்தினார்கள். பயந்துபோய் உடனே கழற்றிவிட்டார். இதிலிருந்து அவர் ஒரு விதியைக் கண்டுபிடித்தார்: புதுக் கட்டை முரடு, புது மாடு மாதிரி, பழக்கித்தான் வண்டியில் பூட்ட வேண்டும். அதன் பிறகு புதுப் பேட்டரி வாங்கினால் பத்து நாள் டார்ச் லைட்டில் போட்டு அடக்கி, அப்புறம் வெயிலில் காட்டி, காட்டிய மூன்றாவது நாள்தான் டேப் ரெக்கார்டருக்குக் கொண்டுவருவார். பின்னால் ஊருக்குக் கம்பி வந்தும் அதைக் கரண்டில் செருகவே இல்லை. மூன்றாம் நாள் பேட்டரியில்தான் கரடியண்ணன் குரல் பதமாக இருக்கும். ஐந்தாம் நாள் என்றால் அண்ணனுக்குச் சளி பிடித்துவிடும்.

அந்த வேகத்துக்கு ஓர் ஆட்டம் பிறந்தது. காலைத் தூக்குவார்கள். தூக்கியபடி, காணாமல் போன ஆட்டைத் தேடுவது போல இடமும் வலமும் பார்ப்பார்கள். 'தும்' வந்ததும் இறக்குவார்கள். காலில் ஏறிய அட்டைப்பூச்சியை நினைத்து, இதற்கு 'அட்டை உதறுறது' என்று பேர். குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, இழுத்து, பின்னால் சாய்வது 'மரவள்ளி புடுங்குறது'. எல்லாவற்றுக்கும் உச்சம் 'பஸ் திரும்புறது': ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடு பன்னிரண்டு பேரும் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து, சாய்ந்து, விழப்போகிற நேரத்தில் நிமிர்வார்கள். மலைப்பாதையின் எழுபது வளைவு ஏறி இறங்கிய உடம்புக்கு அது சொல்லித்தராமலே வந்தது. பொறுமைதான் ஆட்டம். அவசரப்பட்டவன் விழுந்தான்.

செங்கோடன் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணனின் குரலையும் எடுத்துக்கொண்டார். அந்தக் குரலில்தான் அத்தாயியிடம் முதல் முதலாக "எந்த ஊருங்க" என்று கேட்டார். அத்தாயி அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து மறுநாள் சுக்குக் காபி கொடுத்தனுப்பினார். காதல் எப்படி எப்படியோ ஆரம்பிக்கிறது. இது சுக்கில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிந்தது.

இந்த இடத்தில் பெரக்கரை நாட்டுச் சின்னராசு உள்ளே வருகிறார். அவர் வீட்டில் கரண்டு இருந்தது. அதே கடையில் அதே வால்யூம் மூன்றைப் பதிந்து வைத்திருந்தார். தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோயில் திருவிழாவில் இரண்டு நாட்டுக்கும் ஆட்டப் போட்டி. சின்னராசு தன் கேசட்டை மைக் செட்டில் போட்டுவிட்டு, கால் தரையில் பட்டதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் ஆடினார். செங்கோடன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார், பாட்டை ஏன் இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறாய் என்று. பாட்டே இப்படித்தான் என்றார் சின்னராசு. அப்போது செங்கோடன் சொன்ன விளக்கத்தைத் தேவனூர் நாடு முழுக்க ஒப்புக்கொண்டது: "உங்க ஊர்ல கரண்டு ஜாஸ்தி. அதான் பாட்டு ஓடுது."

சின்னராசு விடவில்லை. இது கரடியும் இல்லை அண்ணனும் இல்லை, பாடுவது ஒரு பெண், காது இருந்தால் கேளுங்கள் என்றார். தேவனூர் நாட்டுக் கூட்டம் சிரித்துப் புரண்டது. செங்கோடன் சிரிக்கவில்லை. கோயில் வாசலில் எரிந்துகொண்டிருந்த சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்: "பாடறது பொம்பளைன்னு இந்தச் சின்னராசு நிரூபிச்சுக் காட்டட்டும். அன்னைக்கோட நான் ஆடறதை உட்டுடறேன்."

வெளிநாட்டுப் பாடகியை மலைக்குக் கூட்டிவந்து நிறுத்த முடியுமா? பதிந்து வாங்கிய கேசட்டில் படமும் கிடையாது. சின்னராசுவால் நிரூபிக்க முடியவில்லை. அன்றிலிருந்து தேவனூர் நாட்டில் அவருக்குப் 'புளுகுச் சின்னராசு' என்று பேர். முப்பத்திரண்டு வருடம் அந்தப் பேர் அவரோடு பஸ்ஸில் ஏறியது, சந்தையில் இறங்கியது.

விதிக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். செங்கோடனின் மகள் கலைச்செல்வி நாமக்கல்லில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறாள். வாரா வாரம் ஊருக்கு வரும் பஸ்ஸில் ஒரு வெல்டரைப் பார்த்தாள், பேசினாள், பிடித்துப்போனது. பையன் பேர் தமிழ்செல்வன். அப்பா பேர் சின்னராசு.

பெண் கேட்டு வந்த அன்று இரண்டு பெரியவர்களும் காபியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். நல்ல வேளையாக யாரும் டான்ஸைப் பற்றி எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று செங்கோடன் மகளிடம் கேட்டபோது அவள் நகையைச் சொல்லவில்லை, பீரோவைச் சொல்லவில்லை. அவள் நடை பழகியதே அந்தத் 'தும்' சத்தத்துக்குத்தான். தவழ்ந்து வந்தவள் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, ஆட்டைத் தேடியிருக்கிறாள். "ரிசப்சன்ல நீங்க கரடியண்ணனுக்கு ஆடோணுங்கப்பா. அது போதும் எனக்கு" என்றாள். செங்கோடன் அவள் தலையில் கை வைத்து, ஆடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

கொடுத்துவிட்டுப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். டேப் ரெக்கார்டருக்குள் பெல்ட் வெல்லப்பாகு மாதிரி உருகிக் கிடந்தது. கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

எழுபது வளைவையும் இறங்கினார். ஜெய்லானி பாயின் ரெக்கார்டிங் கடை இப்போது செல்போன் கடை. மகள் சாயிரா நடத்துகிறார். பாய் உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் கேசட் காலத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்பதில்லை, எல்லோர் காதிலும் ஏதோ செருகியிருக்கிறது. செங்கோடன் 'வால்யூம் மூன்று' என்றதும் பாய்க்கு இருபது வயது குறைந்துவிட்டது. பரணில் ஏறாதீங்க அத்தா என்று சாயிரா கத்துவதற்குள் ஏறிவிட்டார். ஒரு பிஸ்கட் தகர டப்பாவோடு இறங்கினார். அதற்குள் ஒரிஜினல், அட்டையோடு.

அட்டையில் ஒரு பெண். வெள்ளி நிறத்தில் பூட்ஸ், தலைமுடி வெடித்த பஞ்சு மூட்டை, கையில் மைக்.

இவர் யாருங்க, அண்ணனோட சம்சாரமா என்று கேட்டார் செங்கோடன். எந்த அண்ணன் என்று கேட்டார் பாய். பாடறவரு என்றார் செங்கோடன். பாய் அட்டையைத் தட்டிக் காட்டினார். "இதாம்ப்பா பாடற புள்ள. ஆல்பம் பூரா இது ஒண்ணுதான் பாடுது. இத்தனை வருசம் கேட்டுட்டு இருந்தியே, தெரியாதா?"

சாயிரா, எப்போதோ ரிப்பேருக்கு வந்து கடையிலேயே தங்கிவிட்ட ஒரு பழைய டேப் டெக்கில் போட்டுக் காட்டினார். வாழைப்பழத்தில் ஊசி ஏறுகிற மாதிரி சுகமான, துள்ளுகிற, பதினெட்டு வயதுக் குரல். செங்கோடன் முழுப் பாட்டையும் நின்றபடி கேட்டார். புதுப் பேட்டரி போட்ட அன்று கத்தியது யார் என்று அப்போது புரிந்தது. முப்பத்து மூன்று வருடமாகத் தான் ஒரு சின்னப் பெண்ணின் குரலில் பேச முயன்று வந்திருக்கிறோம் என்பதும், அதிலும் தோற்றுப்போயிருக்கிறோம் என்பதும் கொஞ்சம் மெதுவாகப் புரிந்தது. புரிந்ததும் அவருக்கு ஒரே ஒரு கவலைதான் வந்தது: சூடம்.

சின்னராசுக்குத் தெரிந்தால் ஆட முடியாது. ஆடாவிட்டால் மகளுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. கடை வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, இந்தப் பாட்டைப் பழையபடி மெதுவாக ஆக்கித் தர முடியுமா என்று சாயிராவிடம் கிசுகிசுத்தார். கம்ப்யூட்டரில் செய்யலாம் மாமா, எவ்வளவு மெதுவாக வேண்டும் என்று கேட்டார் அவர்.

"மாசி மாசம், மூணாம் நாள் பேட்டரி அளவுக்கு" என்றார் செங்கோடன்.

முதல் தடவை வேகம் குறைந்தது, குரல் பெண்ணாகவே இருந்தது. செங்கோடனுக்கு வேர்த்துவிட்டது. சாயிரா இன்னொரு பட்டனைத் தேடிப்பிடித்துக் குரலையும் இறக்கினார். இறங்கியது, இறங்கியது, குகைக்குள்ளிருந்து கரடியண்ணன் கொட்டாவியோடு எழுந்து வந்தார். செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பென் டிரைவை வாங்கினார்.

வீட்டுக்கு வந்து அத்தாயியிடம் எல்லாவற்றையும் சொன்னார். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்பதையும் சொன்னார். அத்தாயி மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"அப்ப அந்த மனுசன் முப்பத்திரண்டு வருசமா நெசத்தத்தான் சொல்லிட்டு இருந்திருக்காரு" என்றார்.

அப்புறம் கொஞ்சம் சிரிப்போடு, சரி, உங்க சொந்தக் குரல்ல ஏதாவது பேசுங்க கேக்கலாம் என்றார். செங்கோடன் முயன்றார். அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தொண்டையைச் செருமி, மேலே மேலே தேடி, கடைசியில் 'கீ' என்று ஒன்று வந்தது. அத்தாயி கிழங்கைக் கீழே போட, இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அத்தாயி முதலில் சொன்ன வாக்கியம் செங்கோடனின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, சளி பிடித்த ஐந்தாம் நாள் பேட்டரிப் பாட்டு மாதிரி.

காலையில் கோயிலில் தாலி கட்டு. மதியம் சாப்பாடு முடிந்ததும் சமுதாயக் கூடத்தில் ரிசப்சன். செம்மேட்டில் மைக் செட் வைத்திருக்கும் அருள்மொழி லேப்டாப்போடு வந்திருந்தார். முப்பது வயதுப் பெண்மணி, இரண்டு ஆள் உயர ஸ்பீக்கரை ஒற்றை ஆளாக நகர்த்துபவர். சின்னராசு முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முழங்காலில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம், கையில் ஊன்றுகோல். கால் தரையில் படாமல் ஆடிய ஆள், இப்போது தரையைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார். பின்னாலிருந்து தேவனூர் ஆள் ஒருவர், புளுகுச் சம்மந்திக்கு இன்னொரு பாயசம் வேணுமான்னு கேளுங்கப்பா என்றது முன் வரிசை வரை கேட்டது. சின்னராசு கேட்காத மாதிரி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருள்மொழி பாட்டைப் போட்டார். 'தும்.' தேவனூர் நாட்டின் அந்தக் காலத்துப் பன்னிரண்டு பேரில் செங்கோடனோடு சேர்த்து மிச்சமிருந்த ஒன்பது பேர், தொப்பையும் நரையுமாக எழுந்து வரிசை கட்டினார்கள். மேடையில் மகள் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள். செங்கோடன் காலைத் தூக்கினார். இடமும் வலமும் பார்த்தார்.

இந்த ஆட்டத்தில் ஒரு கஷ்டம் உண்டு. காலைத் தூக்கியதற்கும் இறக்குவதற்கும் நடுவில் யோசிக்க நேரம் இருக்கும். இடப் பக்கம் பார்த்தபோது மகள் தெரிந்தாள். வலப் பக்கம் பார்த்தபோது சின்னராசு தெரிந்தார். 'தும்' வந்தது. ஒன்பதில் எட்டுக் கால் இறங்கியது. செங்கோடன் கால் அந்தரத்திலேயே நின்றது.

பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒற்றைக் காலில் நின்றபடியே பேசினார். பேசியது யார் என்று கூட்டம் சுற்றுமுற்றும் பார்த்தது, ஏனென்றால் குரல் கீச்சென்று இருந்தது.

"சம்மந்தி, நீங்க அன்னைக்குச் சொன்னது நெசமுங்க. பாடறது பொம்பளைதானுங்க. அட்டையைப் பார்த்துட்டு வாரேன். எங்க பேட்டரிதானுங்க புளுகுச்சு, நீங்க இல்லீங்க."

சத்தியம் எல்லோருக்கும் தெரியும். கலைச்செல்வியின் கோத்த கை கீழே இறங்கியது. செங்கோடன் காலையும் இறக்கி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாக நடந்தார்.

சின்னராசு எழுந்திருக்க நேரம் எடுத்தது. ஊன்றுகோலைக் குத்தி, நாற்காலியைப் பிடித்து, எழுந்தார்.

"இருங்க சம்மந்தி. நீங்க சூடம் அடிச்சது என்னன்னு? சின்னராசு நிரூபிச்சுக் காட்டட்டும்னு. நான் நிரூபிச்சனா?"

இல்லை என்று வரிசையில் நின்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

"நீங்களாப் போயி நிரூபிச்சுட்டு வந்தா அதுக்கு நான் பொறுப்பா? சத்தியம் அப்படியே கெடக்குது. ஆடுங்க." சொல்லிவிட்டு, தேவனூர் வரிசையைப் பார்த்து ஒரு விரலை நீட்டினார். "ஆனா புளுகுங்கற பேரு இன்னையோட போவுது. எவனாச்சும் சொன்னீங்க, அந்தம்மாவையே கூட்டியாந்துருவேன்."

அருள்மொழி மறுபடியும் முதலிலிருந்து போட்டார். செங்கோடன் ஓடி வந்து வரிசையில் நின்றார். பத்தாவதாக ஓரத்தில் ஊன்றுகோலோடு ஒரு ஆள் வந்து நின்றது. அட்டை உதறும்போது சின்னராசு நல்ல காலில் நின்றுகொண்டார், மரவள்ளி பிடுங்கும்போது ஊன்றுகோலையே பிடுங்கினார். பஸ் திரும்பும்போது பத்துப் பேரும் ஒரே பக்கம் சாய, அவரைச் செங்கோடன் தோளில் தாங்கிக்கொண்டார். பெரக்கரை நாட்டு ஆட்கள் விசிலடித்தார்கள். கலைச்செல்வி செருப்பை உதறிவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். மாப்பிள்ளை வேகமாக ஆடிப் பார்த்து, மூன்று பேரை இடித்து, அப்புறம் மலை வேகத்துக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டாவது பஸ் திரும்பும்போது சின்னராசுக்கு மூச்சு வாங்கியது. முகம் பூராவும் சிரிப்பு. தலையைத் திருப்பி மைக் செட் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"அருளு, இன்னும் கொஞ்சம் கரண்டைக் கொறைச்சு உடு கண்ணு."